பதக்கத்தில் பதிந்த பாதிரியார்

காசிலே பொறிக்கப்படுவது அரசர்களின் தலை. உரோமாபுரிச் சக்கரவர்த்திகள் காலந்தொட்டு இதுவே பெருவழக்காக இருந்து வந்திருக்கிறது. நெற்றி, மூக்கு, மோவாய் ஆகியன ஒரே வரைகோடாக எழும்படி, முகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டிச் செதுக்கப்படும் அவ்வுருவம், குடிகள் கையிற் புழங்கும் போதெல்லாம் தங்களை ஆள்பவர் யார் என்பதை அவர்களுக்குச் சொல்லாமற் சொல்லிக்கொண்டிருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரான்ஸ் தேசத்துச் சிற்பி ஒருவர் அந்த வட்டத்தினுள்ளே குடிமக்களை இருத்தினார். கவிஞர், விஞ்ஞானி, வைத்தியர், சேனாபதி, நாடக நடிகை, தேசத்துரோகி என்று நாடுகடத்தப்பட்டவர், புரட்சிக் காலத்து மகாசபையிலே அமர்ந்து முதுமை எய்தி எல்லோராலும் மறக்கப்பட்டவர் என ஏறக்குறைய 500 பேரின் பக்கவாட்டு முகங்களை அவர் வெண்கலத்திலே வார்த்துவைத்தார். பெரும்பாலும் ஒரு சாண் அகலத்துக்கு உட்பட்ட வட்டங்கள் அவை. சுவரிலே மாட்டலாம்; கையிலே தூக்கிப் பார்க்கலாம். அவற்றுள் ஒன்றிலே இருப்பவர் அபே கிறெகுவார் என்று சரித்திரம் கூறும் ஆன்றி கிறெகுவார். கத்தோலிக்க குருவானவர், மேற்றிராணியார், அதே வேளையிலே பிரெஞ்சுப் புரட்சியின் முன்னணி அரசியல்வாதி. அப்பதக்கத்தைப் பற்றியும் அதிலுள்ள மனிதரைப் பற்றியுமே இங்கு பேச எண்ணுகிறோம்.

முதலிலே சிற்பியை அறிந்துகொள்வோம். பியேர் ஜான் டாவிட் என்பது அவர் பெயர். 1788ஆம் ஆண்டிலே ஆஞ்ஜே என்னும் நகரிலே பிறந்தார். அக்காலத்திலே டாவிட் என்ற பெயருடன் மாபெரும் ஓவியர் ஒருவர் பாரிஸிலே புகழோடு விளங்கியமையால், மயக்கம் நேராதிருக்கத் தம் ஊரின் பெயரையும் சேர்த்து 'டாவிட் டாஞ்ஜே' என்று தம்மை அழைத்துக்கொண்டார். தந்தையார் மரச்செதுக்கு வேலை செய்தவர். புரட்சி மூண்டபோது குடியரசுப் படையிற் சேர்ந்து போர்புரியச் சென்றார். 1793ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே, மேற்குப் பிரான்ஸின் வாந்தேப் பிரதேசத்திலே அரச கட்சியினர் அவரைச் சிறைப்பிடித்தனர். சென் புளோரான் என்ற இடத்திலே ஏறக்குறைய 5000 கைதிகள் கொல்லப்படவிருந்த தருணத்தில், அரச கட்சித் தளபதி பொன்ஷாம் மரணப்படுக்கையிலே கிடந்தபடி 'கைதிகளை விட்டுவிடுங்கள்' என்று கட்டளையிட்டார். மரச்செதுக்குத் தொழிலாளி உயிர் பிழைத்தார். முப்பது ஆண்டுகளின் பின் அதே தளபதியின் கல்லறைக்குச் சிலை செய்தவர் அத்தொழிலாளியின் மகனே. மகன் குடியரசு வெறியர்; சிலையோ அரச கட்சித் தளபதிக்கு. கட்சியைப் பாராமற் செயலைப் பார்க்கும் கண் அவருக்கு இளமையிலேயே வாய்த்துவிட்டது எனலாம்.

பதக்கங்களை அவர் செய்த முறை எளிது. சிலேற்றுப் பலகையின் மீது மெழுகை அப்பி அதிலே முகத்தை உருவாக்குவார். பின்னர் அதிலிருந்து அச்செடுத்து வெண்கலம் வார்க்கப்படும். பல பதக்கங்களில் அம்மனிதர் தம் பெயரை எழுதும் கையெழுத்தே அப்படியே பொறிக்கப்பட்டிருக்கும். கூலி வாங்குவது அவர் வழக்கமன்று. தாம் மதித்தவர்களைத் தாமே தேடிச் சென்று செய்து, பிரதிகளை நண்பர்க்கு அன்பளிப்பாகவும் கொடுத்துவிடுவார். முகத்தை நேரே பார்த்துச் செய்யாமற் பக்கவாட்டிலே செய்ததற்கும் அவர் தம் குறிப்பேட்டிலே காரணம் எழுதிவைத்துள்ளார். நேர்முகம் நம்மைப் பார்க்கிறது; ஆகையால் நமக்காக அது பல வேடம் தாங்கும். பக்கமுகமோ நம்மைக் காணவில்லை. அது வேறெதையோ நோக்கியிருக்கிறது. அங்கேதான் மனிதன் ஒருமைப்பட்டு நிற்கிறான் என்பது அவர் கருத்தின் சாரம். மண்டையின் அமைப்பைக் கொண்டு குணத்தை அறியலாம் என்று அக்காலத்திலே பரவியிருந்த ஒரு கொள்கையிலும் அவருக்கு நம்பிக்கை மிகுதி. அக்கொள்கையை இன்றைய விஞ்ஞானம் தள்ளிவிட்டது. ஆயினும் அவர் சிந்தனையாளருக்குச் செய்த நெற்றிகள் இயற்கையிலும் சற்றே அகன்று விளங்குவதன் இரகசியம் அதுதான்.

கிறெகுவாரை டாவிட் உருவாக்கியது அவருடைய முதுமையிலே. 1828இல் அவருக்குச் சலவைக்கல்லால் மார்பளவுச் சிலை ஒன்றையும் செய்தார். அக்காலத்திலே பிரான்ஸில் மீண்டும் அரசன் ஆண்டுகொண்டிருந்தான். முடியாட்சியை ஒழிக்கக் குரல் கொடுத்த கிழவருக்குச் சிலை செய்வது அரச தயவை நாடும் சிற்பி செய்யக்கூடிய காரியமன்று.

அந்தக் கிழவர் யார்?

லொறெய்ன் மாகாணத்திலே, லூனெவீல் நகருக்கு அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றிலே, 1750ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 4ஆம் திகதி தையற்காரர் ஒருவருக்குப் பிறந்தவர். யேசு சபையாரிடம் கல்வி கற்றுக் குருப்பட்டம் பெற்று, அம்பெர்மெனில் என்னும் கிராமத்துக்குப் பங்குக் குருவானார். தம் மக்கள் வாசிப்பதற்கென்று கோயிலோடு சேர்த்துச் சிறு நூல்நிலையம் ஒன்றையும் அமைத்தார். உழவர் வீட்டிலே புத்தகம் அரிதாயிருந்த காலம் அது என்பதை வாசகர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

1788இல் மெற்ஸ் நகரத்து வித்துவ சபை, யூதரை மகிழ்ச்சியும் பயனும் உடையவராக்க வழி யாது என்ற பொருளில் நடத்திய கட்டுரைப் போட்டியிலே பரிசு பெற்ற மூவருள் கிறெகுவாரும் ஒருவர். கத்தோலிக்க குருவானவர் ஒருவர் யூதருக்காகப் பேனா பிடித்தார் என்பதே அன்று வியப்பு. பிரான்ஸ் தேசத்து யூதர் யாவர்க்கும் குடியுரிமை வழங்கும் தீர்மானம் 1791ஆம் ஆண்டு செப்டெம்பரிலே நிறைவேறியது. அதற்கு வழி திறந்தவர்களுள் அவருக்கு முதன்மையான இடமுண்டு.

1789இல் அரசன் கூட்டிய மகாசபைக்கு மதகுருமாரின் பிரதிநிதியாகச் சென்றார். சென்றவர் குருமாரோடு அமர்ந்திருக்கவில்லை. பொதுமக்களின் பிரதிநிதிகள் பக்கம் முதலிலே வந்து சேர்ந்த குருமாருள் அவரும் ஒருவரானார். அவ்வாண்டு யூன் 20ஆம் திகதி டென்னிஸ் மண்டபத்திலே எடுக்கப்பட்ட சபதத்தை மற்றைய டாவிட், அதாவது ஓவியர் டாவிட், வரைந்திருக்கிறார். அச்சித்திரத்தின் நடுவிலே மூவர் ஒருவரையொருவர் தழுவி நிற்பர்: ஒரு துறவி, ஒரு புரொட்டஸ்டாந்துப் போதகர், அவ்விருவருக்கும் இடையிலே கிறெகுவார். துறவி அன்று அங்கே இருக்கவேயில்லை என்பது ஆராய்ச்சியாளர் கண்ட உண்மை. ஓவியர் தம் கருத்துக்காக அவரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். ஆக, டாவிட் என்ற பெயருடைய இரு கலைஞருக்கும் இவர் முகம் கொடுத்திருக்கிறார். ஒருவர் கண்டது முப்பத்தெட்டு வயது இளமையை. மற்றவர் கண்டது எழுபதைக் கடந்த மூப்பை.

குருமார் அரசுக்குச் சத்தியப்பிரமாணம் செய்யவேண்டும் என்ற சட்டம் வந்தபோது, 1790ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆம் திகதி, சபையிலே முதன்முதலாக எழுந்து பிரமாணம் செய்தவர் கிறெகுவார். உரோமாபுரியிலிருந்த பாப்பரசர் அச்சட்டத்தைக் கண்டித்தார். கிறெகுவார் தம் சொல்லிலிருந்து இறுதிவரை பின்வாங்கவில்லை. அடுத்த ஆண்டு புளுவா நகரத்து மேற்றிராணியாரானார். 1792ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் திகதி, முடியாட்சியை ஒழிக்கும் பிரேரணையை ஆவேசத்தோடு ஆதரித்து, மன்னர்களை விகாரப் பிறவிகளுக்குச் சமமாகப் பேசினார். ஆயினும் அரசனுடைய மரணதண்டனை வாக்கெடுப்பின்போது அவர் சபையில் இல்லை. சவோய்ப் பிரதேசத்திலே அரச கருமமாக இருந்தார். அங்கிருந்து சக பிரதிநிதிகளோடு சேர்ந்து அவர் அனுப்பிய கடிதம் அரசனைக் குற்றவாளியென்றது. 'மரணம்' என்ற சொல்லை மட்டும் அவர் நீக்குவித்தார். கொலைத்தண்டனை எவர்க்கும் ஆகாது என்பது அவர் கொள்கை. பின்னாளில் வைரிகள் அவரை அரசனைக் கொன்றவர் என்றே ஏசினர்.

அவருடைய நெஞ்சுரத்துக்கு நாம் ஒரு நாளைக் காட்டுவதானால் 1793 நவம்பர் 7ஆம் திகதியைக் காட்டுவோம். கோயில்கள் மூடப்பட்டுக்கொண்டிருந்தன. பாரிஸ் மேற்றிராணியார் கொபெல் சபைக்கு வந்து தம் பதவியைத் துறந்தார். மற்றைய குருமார் ஒருவர் பின் ஒருவராகத் துறந்தனர். கூச்சலும் கைதட்டலும் சபையை நிறைத்தன. 'நீரும் துறவும்' என்று கிறெகுவாரை நெருக்கினர். மறுத்தால் கில்லட்டின் தூரத்தில் இல்லை. அவர் மேடையேறி, தம் பதவி சபை தந்ததன்று, மக்களும் தந்ததன்று, அதைத் துறக்கவும் தமக்கு அதிகாரமில்லை என்ற பொருள்படப் பேசி இறங்கினார். அதன் பின்னும் மேற்றிராணியாரின் ஊதா அங்கியோடேயே சபையில் அமர்ந்தார். புரட்சியாளருக்கு அவர் பாதிரி. பாதிரிமாருக்கு அவர் புரட்சியாளர். இரு சாராரிடத்தும் நண்பரிலும் பகைவரே அதிகம்.

கறுப்பின மக்களுக்காக அவர் உழைத்த உழைப்புத் தனியே ஒரு நூலுக்கு ஆகும். சான் தொமிங்கு, அதாவது இன்றைய ஹெயிட்டி, அன்று பிரான்ஸின் குடியேற்ற நாடு. கரும்புத் தோட்டங்கள் அடிமைகளின் முதுகிலே நடந்தன. 1789ஆம் ஆண்டிலேயே அங்குள்ள கலப்பின மக்களின் உரிமைக்காக அவர் நூல் எழுதினார். அடிமை வியாபாரத்துக்கு அரசு கொடுத்துவந்த உதவிப் பணம் 1793 யூலையிலே அவருடைய பிரேரணையால் நின்றது. 1794ஆம் ஆண்டு பெப்ருவரி 4ஆம் திகதி அடிமைத்தனமே ஒழிக்கப்பட்டது. 1802இல் நெப்போலியன் அதை மீட்டுக்கொண்டுவந்தான். கிறெகுவார் வாய் மூடவில்லை. 1808இல் கறுப்பின எழுத்தாளரின் வரலாறுகளைத் திரட்டி, அவர்களின் அறிவாற்றல் எவர்க்கும் குறைந்ததன்று என்று நிறுவும் நூலொன்றை வெளியிட்டார். அதன் பிரதி அமெரிக்க ஜனாதிபதி ஜெபர்சனுக்கும் சென்றது. ஜெபர்சன் மிகுந்த மரியாதையோடு நன்றிக் கடிதம் எழுதினார். சில மாதங்களின் பின் நண்பர் ஒருவருக்கு எழுதிய வேறொரு கடிதத்திலே அந்நூலை இலேசாக எள்ளி நகைத்தார். பெரிய மனிதர்களுக்கும் இரண்டு மைக்கூடுகள் இருந்திருக்கின்றன போலும்.

கலைச்செல்வங்களை நாசஞ் செய்வதைக் குறிக்கும் 'வாண்டலிஸம்' என்ற சொல் இன்று பல ஐரோப்பிய மொழிகளிலே வழங்குகின்றது. அதை 1794இல் ஆக்கி வழங்கியவர் கிறெகுவாரே. அவ்வாண்டு ஒக்டோபரிலே தொழிற்கலைக் கல்லூரியொன்றை நிறுவவும் வழிசெய்தார். பாரிஸிலே அது இன்றும் இயங்குகின்றது.

நெப்போலியன் சக்கரவர்த்தியாவதைச் செனட் சபையில் எதிர்த்துநின்ற மிகச் சிலருள் அவர் ஒருவர். அரச வமிசம் திரும்பி வந்ததும் கல்விக் கழகத்தினின்றும் அவரை நீக்கினர். 1819இல் கிறெனோபிள் பகுதி வாக்காளர் அவரைப் பாராளுமன்றத்துக்குத் தெரிந்தனுப்பினர். பாராளுமன்றமோ வாயிலை அடைத்துவிட்டது. டாவிட் டாஞ்ஜே காணச் சென்றது இத்தகைய மனிதரையே. பதவியில்லை; படை பரிவாரமில்லை.

1831ஆம் ஆண்டு மே 28ஆம் திகதி கிறெகுவார் மறைந்தார். பழைய பிரமாணத்தை மறுத்துரைத்தாலன்றி இறுதித் தேவதிரவிய அனுமானம் இல்லையென்று பாரிஸ் அதிமேற்றிராணியார் கெலென் கண்டிப்பாகக் கூறினார். சாகும் தறுவாயிலும் கிழவர் மறுத்துவிட்டார். கீயோன் என்ற குருவானவர் தடையை மீறி வந்து அனுமானங்களை நிறைவேற்றினார். சவ ஊர்வலத்தன்று மாணவர்கள் வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே வண்டியை மொன்பர்னாஸ் மயானம்வரை இழுத்துச் சென்றனர். பின்னால் ஆயிரக்கணக்கானோர் நடந்தனர்.

பாரிஸிலே தேசத்தின் மேன்மக்களை அடக்கஞ்செய்யும் பாந்தெயோன் மாளிகையின் முகப்புச் சிற்பத்தை 1837இல் முடித்தவர் இதே டாவிட் டாஞ்ஜேதான். அச்சிற்பத்தின் கீழாகக் கிறெகுவாரின் எச்சங்கள் உள்ளே கொண்டுசெல்லப்பட்டது 1989ஆம் ஆண்டு டிசெம்பர் 12ஆம் திகதியிலே. புரட்சியின் இருநூறாம் ஆண்டு விழாவிலே. அன்றும் பாரிஸ் அதிமேற்றிராணியார் அவ்வைபவத்துக்கு வரவில்லை. 158 வருடங்கள் கடந்தும் அப்பிரமாணம் மறக்கப்படவில்லை.

இவ்வளவும் பதக்கத்திலே தெரியும் கன்னம். பக்கமுகத்துக்கு ஒரு குறையுண்டு. மற்றக் கன்னம் தெரியாது. அதையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று.

1790ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் திகதி கிறெகுவார் நாடெங்கும் 43 கேள்விகள் கொண்ட சுற்றுக்கடிதம் ஒன்றை அனுப்பினார். உங்கள் பகுதியிலே எல்லோரும் பிரெஞ்சு பேசுகின்றனரா? கோயிலிலே பிரசங்கம் எந்த மொழியில்? உங்கள் கிராம மொழிக்கு இலக்கணம், அகராதி உண்டா? பழமொழிகள் உண்டா? இவ்வாறு ஆசையோடு விசாரிக்கும் மொழிப்பிரியர் ஒருவரின் கடிதம் போலவே அது தோன்றும். இருபத்தொன்பதாம் கேள்வியிலே குரல் மாறுகிறது. அம்மொழியை அடியோடு அழித்தொழிப்பதால் மதத்துக்கும் அரசியலுக்கும் விளையும் பயன் யாது? அடுத்த கேள்வி, அதற்கு வழி யாது என்பது.

பதில்களைத் தொகுத்து 1794 யூன் 4ஆம் திகதி மகாசபையிலே அறிக்கை வாசித்தார். கிராம மொழிகளை ஒழித்துப் பிரெஞ்சைப் பொதுவாக்குவதன் அவசியம் என்பதே அதன் தலைப்பு. இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட சனத்தொகையுள்ள நாட்டிலே 60 இலட்சம் பேருக்குப் பிரெஞ்சு தெரியாது. இன்னும் அத்தனை பேரால் அதிலே தொடர்ந்து உரையாட முடியாது. பிழையறப் பேசுவோர் 30 இலட்சத்துக்கு மேலில்லை என்று அவர் கணக்குக் காட்டினார். பிரெத்தோன், பாஸ்க், பிளெமிஷ், அல்சாஸ் மக்களின் ஜெர்மன், தென்னாட்டு ஒக்சித்தான் வழக்குகள் எனப் பல மொழிகள் அங்கே வழங்கின. அவற்றைப் பேசியோர் காலங்காலமாக அதே மண்ணில் வாழ்ந்தவர்கள்.

அவர் நோக்கம் தீயதென்று நாம் சொல்லமாட்டோம். சட்டம் ஒரு மொழியிலே இருக்க, குடியானவன் வேறு மொழி பேசினால், சட்டம் படித்தவன் அவனை ஏய்ப்பான்; பழைய பிரபுக்களே மீண்டும் பதவிக்கு வருவர்; சமத்துவம் ஏட்டிலே நிற்கும் என்று அவர் அஞ்சினார். அந்த அச்சத்திலே நியாயமுண்டு. ஆனால் குறையைத் தீர்க்க இரண்டு வழிகள் இருந்தன. சட்டத்தைக் குடியானவன் மொழிக்குக் கொண்டுவருவது ஒன்று. 1790 சனவரியிலே தேசிய சபை அதைத்தான் தீர்மானித்தது, மொழிபெயர்ப்புகளும் தொடங்கின. குடியானவனைச் சட்டத்தின் மொழிக்கு இழுத்துவருவது மற்றது. கிறெகுவார் இரண்டாவதைத் தெரிந்தார். பிரெஞ்சையும் கற்றுக்கொள் என்று சொல்வதோடு அவர் நிற்கவில்லை. உன்னுடையதை விட்டுவிடு என்றும் சொன்னார். யூதருக்காக எழுதிய கட்டுரையைத் திருப்பிப் பார்த்தால் அங்கேயும் இதே கை தெரிகிறது. உரிமை கொடுங்கள் என்று மன்றாடியவர், வீட்டிலே அவர்கள் பேசிய ஜெர்மன் கலந்த மொழியைக் களைந்துவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தார். எல்லோரும் சமம் என்பதும் எல்லோரும் ஒன்றுபோல இருக்கவேண்டும் என்பதும் வெவ்வேறு என்பது அப்பெருமகனுக்குப் புலப்படவில்லை என்றே நாம் கருதுகிறோம். அடிமையின் வேதனையைக் கடல் கடந்து கேட்ட காது, தாய்மொழியைப் பறிகொடுக்கும் அயலூர்க் குழந்தையின் குரலைக் கேட்கவில்லை.

அறிக்கையாலே மொழிகள் மறுநாளே மாண்டுவிடவில்லை. அரசாங்கப் பத்திரங்கள் பிரெஞ்சிலன்றி எழுதப்படலாகாது என்று அடுத்த மாதம் பிறந்த சட்டமும் சில வாரங்களில் நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் எண்ணம் விதையாகக் கிடந்தது. 1880களிலே இலவசக் கட்டாயக் கல்வி வந்தபோது அது முளைத்தது. பள்ளிக்கூடத்திலே பிரெத்தோன் மொழியோ ஒக்சித்தானோ பேசி அகப்பட்ட பிள்ளையின் கழுத்திலே மரத்துண்டு போன்ற ஓர் அடையாளத்தை மாட்டுவர். அதே குற்றஞ் செய்யும் இன்னொரு பிள்ளையைக் கண்டுபிடித்துக் காட்டினால் அது அவன் கழுத்துக்கு மாறும். மாலையிலே எவன் கழுத்திலே இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. தோழனைத் தோழன் காட்டிக்கொடுக்கும் இப்பாடத்தைப் புளுவாவின் மேற்றிராணியார் கண்டிருந்தால் நிச்சயம் மனம் நொந்திருப்பார். பிரதேச மொழிகள் பிரான்ஸின் பாரம்பரியச் செல்வம் என்று அந்நாட்டு அரசியலமைப்பிலே ஒரு வரி சேர்வதற்கு 2008ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

டாவிட் டாஞ்ஜே 1848ஆம் ஆண்டுக் குடியரசிலே மக்கள் பிரதிநிதியானார். 1851இல் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பின் பின் நாடுகடத்தப்பட்டுப் பெல்ஜியத்திலும் கிரேக்கத்திலும் அலைந்து திரும்பி, 1856 சனவரியிலே காலமானார். பிறந்த நகரமான ஆஞ்ஜேக்குத் தம் வேலைகளின் மூல வார்ப்புகளை ஏராளமாக அவர் வழங்கியிருந்தார். 1984 முதல் அவை, கூரையிழந்து பாழடைந்திருந்த பழைய துறவிமடக் கோயிலொன்றிலே, கண்ணாடிக் கூரையின் கீழ் வைக்கப்பட்டிருக்கின்றன. மேலிருந்து விழும் பகல் வெளிச்சத்திலே அம்முகங்களைக் காணலாம்.

கிறெகுவாரின் 43 கேள்விகளுக்கு ஊர்க் குருமாரும் வழக்கறிஞரும் எழுதியனுப்பிய பதில்கள் 1880இல் நூலாக வெளிவந்தன. சொற்கள், உச்சரிப்பு, பழமொழிகள், எந்த ஊரிலே எந்த மொழியிற் பிரசங்கம் நடந்தது என்ற விபரங்கள் எல்லாம் அவற்றிலே உள்ளன. புரட்சிக் காலத்திலே பிரான்ஸின் கிராமங்கள் எவ்வாறு பேசின என்று அறிய விரும்பும் மொழியாராய்ச்சியாளர் முதலிலே தேடி எடுப்பவற்றுள் அக்கடிதங்களும் அடங்கும்.